முள்ளில்லாத சாப்பாடு

எங்கள் குடியிருப்பை அடுத்த சீன உணவகத்தில் மதிய பஃபே மூன்று மணியோடு முடிந்துவிடும். நியூஜெர்சியின் சிறுநகரக் கடைத்தொகுதிகளில், சலவைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, இப்படி ஒன்று எப்படியும் இருக்கும். ஆவி பறக்கும் எஃகுத் தட்டுகள், அவற்றின்மேல் சாய்ந்த கண்ணாடித் தடுப்பு, ஒரே விலை. பந்தியில் இலைக்குமேல் கைநீட்டிப் 'போதும்' என்று சொல்லி வளர்ந்தவனுக்கு, மூன்றாம் முறை தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வதில் இன்னும் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சம் ஒருநாளும் என்னைத் தடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அங்கே அடிக்கடி தீர்ந்து அடிக்கடி நிரப்பப்படுவது ஜெனரல் ட்ஸோ சிக்கன். மாவில் தோய்த்துப் பொரித்து, இனிப்புக் குழம்பில் பிரட்டிய கோழி. ட்ஸோ 19ஆம் நூற்றாண்டில் ஹுனான் மாகாணத்தில் பிறந்த படைத்தலைவர். இந்தக் கோழியை அவர் கண்டதேயில்லை. இதை உருவாக்கியவர் பெங் சாங்க்வேய் என்ற சமையற்காரர். அவரும் ஹுனான்காரர்தான்; உள்நாட்டுப் போரின் முடிவில் தைவானுக்குப் போனவர். 1950களில் அங்கே அவர் செய்தது உப்பும் புளிப்பும் உறைப்புமான பண்டம். 1970களில் நியூயார்க்குக்கு வந்தபின் அதில் சர்க்கரை ஏறியது. பெங் 2016ல் மறைந்தார். விட்டுவந்த ஊரின் நினைவாக அதில் மிஞ்சியிருப்பது பெயர் ஒன்றே.

அமெரிக்காவில் சீன உணவகங்கள் பெருகியதற்குச் சுவை மட்டும் காரணமில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. வணிகர்களுக்கு விலக்கு அளித்தது. 1915ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர்களாக ஏற்றுக்கொண்டது. சட்டம் 1943ல் நீங்கும்வரை பலருக்கு அடுப்படிதான் இந்நாட்டின் வாசல்.

ஒரு சனிக்கிழமை தாமதமாகப் போயிருந்தேன். மூன்று மணிக்குமேல் பணியாளர்கள் மூலையில் ஒரு வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வேகவைத்த முழு மீன், பூண்டு போட்டு வதக்கிய கீரை, வெறுஞ்சோறு. பஃபேயின் அத்தனை தட்டுகளில் இவற்றில் ஒன்றும் இல்லை. கல்லாவில் இருக்கும் அம்மாளிடம், அந்த மீனையும் வெளியே வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கமாட்டார்கள், முள் இருக்கிறதே" என்று சிரித்தார்.

என் வீட்டில் மீன்குழம்பு வைக்கிற நாட்களில் என் மகன் சொல்லும் காரணமும் அதுதான்.

அவருடைய பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும். வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு வந்தவள், வட்டமேசைக்குப் போகவில்லை. நேராகப் பஃபேயில் மிச்சமிருந்த ஜெனரல் ட்ஸோ சிக்கனை நிறைய அள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் அருகில் அமர்ந்தாள். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டு மீனில் முள்ளைத் துழாவி எடுத்து, மகளின் தட்டோரத்தில் வைத்தார். அவள் அதைக் கோழிக்கு அப்பால் ஒதுக்கினாள். பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் பணம் கொடுக்க எழுந்தபோது, அவர் அடுத்த துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.