முப்பது பல்லா, முப்பத்திரண்டா?

மலை மிதிவண்டிகளில் நெடுங்காலம் முன்புறம் மூன்று பற்சக்கரங்கள் இருந்தன. 2012இல் ஸ்ராம் நிறுவனம் பின்புறம் பதினொரு பற்சக்கரங்களை அடுக்கி, முன்புறம் ஒன்றே போதும் என்றாக்கியது. தடித்த பல்லும் மெலிந்த பல்லும் மாறி மாறி அமைந்த அவ்வொற்றைச் சக்கரம், வண்டி குலுங்கினாலும் சங்கிலியை எளிதில் நழுவவிடுவதில்லை. அதற்கு எத்தனை பற்கள் வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

பின்புறத்தில் பெரியது 50 பற்களும் சிறியது 10 பற்களும் உடையது எனக் கொள்க. முன்புறம் 32 பற்கள் எனில், மிதிகட்டை ஒருமுறை சுழலும்போது 29 அங்குலச் சக்கரமுடைய வண்டி ஏற்றத்தில் ஏறத்தாழ 147 செ.மீ. நகரும், 30 எனில் 138 செ.மீ. ஒன்பது சென்டிமீட்டர்தானே எனச் சமநிலத்தில் நிற்பவர் எண்ணலாம். அரைமணி நேரம் ஏறியபின், தொடை நடுங்கும் வளைவில், தொடர்ந்து மிதிப்பதா இறங்கித் தள்ளுவதா என்பதை முடிவுசெய்வது அந்த ஒன்பதுதான். ஈடாக இழப்பது சிறிதே. நிமிடத்திற்கு 90 சுற்று மிதித்தால், உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ. என்பது 37 ஆகும். கரடுமுரடான இறக்கத்தில் அவ்வேகத்தில் மிதிப்போர் அரியர். அங்கு விரல்கள் பிரேக் பிடியில் அல்லவா இருக்கும்! ஆயினும் இளைஞர் பலர் பெரிய எண்ணையே விரும்புகின்றனர். அவர்கள் சட்டகத்தில் அதற்கு இடமுண்டா என்றேனும் பார்த்தல் வேண்டும். பாறையில் முதலில் இடிபடுவதும் பெரிய சக்கரமே.