காத்திருக்கும் அலைபேசி

நாள்தோறும் பலமணி நேரம் அலைபேசியில் உரையாடுவோர்க்கு அதன் கட்டணம் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. மாதத்தில் நான்கைந்து முறை மட்டுமே பேசுவோர்க்கோ அஃது ஓயாத கணக்கு. அவர்கள் செலுத்தும் பணம் உண்மையில் எதற்கான விலை? அதனை இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

தமிழகத்துச் சிற்றூர்களில் பல வீடுகளின் சுவர்மாடத்தில் ஒரு சிறிய அலைபேசி இருக்கும். தொடுதிரையும் இணைய வசதியும் அற்ற அதற்குப் 'பட்டன் போன்' என்பது மக்கள் இட்ட பெயர். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் மகன் ஞாயிறுதோறும் அழைப்பான். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் பெயர்த்தி தேர்வு முடிந்ததும் அழைப்பாள். வீட்டிலிருக்கும் மூதாட்டி தாமாகப் பிறரை அழைப்பது அரிது. ஊரில் ஒரு திருமணம், உறவில் ஓர் இறப்பு, நள்ளிரவில் ஒரு நெஞ்சுவலி என ஆண்டில் எண்ணிச் சில அழைப்புகளே அவருக்குத் தேவைப்படும். எஞ்சிய நாட்களில் அக்கருவி பேசுவதில்லை, காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கும் கட்டணம் உண்டு.

கட்டணம் வந்த வழி

இந்தியாவின் முதல் அலைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. எளிய மக்களோ தெருமுனைத் தொலைபேசி நிலையங்களையும் ஒரு ரூபாய் நாணயப் பெட்டிகளையுமே நம்பியிருந்தனர்.

2003ஆம் ஆண்டு மே மாதம் முதல், அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. அழைப்பை ஏற்பதற்குப் பணம் இல்லை என்றானபின் அலைபேசி எளியோர் கைக்கும் வந்தது. இருப்பில் பணம் குறைந்தவர்கள் 'மிஸ்டு கால்' என்னும் புதியதொரு மொழியையே படைத்துக்கொண்டனர். ஒருமுறை மணி ஒலித்து நின்றால் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று பொருள். இருமுறை ஒலித்தால் 'திரும்ப அழையுங்கள்' என்று பொருள். காசு செலவின்றிச் செய்தி சென்றது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் வாழ்நாள் திட்டங்களும் அறிமுகமாயின. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அழைப்பு வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையை அவை தந்தன.

2016ஆம் ஆண்டிற்குப்பின் நிலைமை மாறியது. அளவற்ற பேச்சையும் இணையத் தரவையும் ஒன்றாகக் கட்டி, நாள்கணக்கில் விற்கும் முறை பரவியது. நிறையப் பேசுவோர்க்கு அது பெரும் நன்மை. ஆனால், 2018ஆம் ஆண்டின் இறுதியில், இணைப்பு உயிர்ப்புடன் இருப்பதற்கே குறிப்பிட்ட இடைவெளியில் பணம் செலுத்த வேண்டும் என்ற நிலை தோன்றியது. பேசியதற்கு விலை என்பது போய், இணைப்பில் இருப்பதற்கு விலை என்றாயிற்று. குறைவாகப் பேசுவோரின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

பணமும் நாளும்

முன்கட்டண இணைப்பில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று பணக்கணக்கு, மற்றொன்று நாட்கணக்கு. 'டாப் அப்' செய்யும் தொகை பணக்கணக்கில் சேரும். 10 ரூபாய் செலுத்தினால், 18 விழுக்காடு வரி நீங்கி 8 ரூபாய் 47 காசு எஞ்சும்; செயலாக்கக் கட்டணமும் கழிந்தபின் கிடைப்பதே பேசுவதற்கான தொகை. அதற்குக் காலக்கெடு இல்லை. ஆனால், 'வேலிடிட்டி' எனப்படும் நாட்கணக்கு முடிந்துவிட்டால் அப்பணத்தைக் கொண்டு பேச இயலாது. முதலில் வெளியழைப்பு நிற்கும்; சில நாட்களில் உள்ளழைப்பும் நிற்கும். பெட்டியில் பணம் இருந்தும் கதவு பூட்டியிருக்கும் நிலை அது.

இந்த வேறுபாட்டை அறியாமல் ஏமாற்றம் அடைவோர் பலர்.

"போன மாசந்தானே தம்பி போட்டேன்? அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று வினவுவார் மூதாட்டி.

"இருபத்தெட்டு நாள்தான் பாட்டி" என்பார் கடைக்காரர்.

இருவர் கூற்றும் உண்மையே. மூதாட்டியின் மாதம் நாட்காட்டியைச் சார்ந்தது. நிறுவனத்தின் மாதம் 28 நாட்களால் ஆனது. ஜூன் 5 அன்று ரீசார்ஜ் செய்தால் அடுத்து ஜூலை 3, பின்பு ஜூலை 31, அதன்பின் ஆகஸ்டு 28 எனத் தவணை முன்னோக்கி நகர்ந்துகொண்டே வரும். ஆண்டிற்குப் பன்னிரண்டு மாதங்கள், தவணைகளோ பதின்மூன்று. முதல் வாரத்தில் கிடைக்கும் முதியோர் உதவித்தொகையை நம்பியிருப்பவர்க்கு, தவணை மாத இறுதியில் வந்து நிற்கும்போது கையில் பணம் இருப்பதில்லை. அந்தச் சில நாட்கள் அலைபேசி ஊமையாகிவிடுகிறது. அழைத்துப் பார்த்த மகனோ தாய்க்கு என்ன நேர்ந்ததோ என்று கலங்குகிறான்.

விலையை நாட்களால் வகுத்துப் பார்ப்பதே இதற்குரிய முதல் தெளிவு. எடுத்துக்காட்டாக, 28 நாட்களுக்கு 200 ரூபாய் எனக் கொண்டால் ஒரு நாளுக்கு 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது; பதின்மூன்று தவணைக்கு 2,600 ரூபாய். அதே வசதி 84 நாட்களுக்கு 500 ரூபாய் எனில் ஒரு நாளுக்கு 6 ரூபாய்க்கும் குறைவு. ஒரே முறையில் பெருந்தொகை தர இயலாதவரே நாள் ஒன்றுக்கு அதிக விலை தருகிறார் என்பது இக்கணக்கு உணர்த்தும் கசப்பான உண்மை.

தெரிந்து தெளிவோம்

முன்கட்டணப் பயனாளர்களின் நலன் கருதி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (ட்ராய்) சில விதிகளை வகுத்துள்ளது.

• 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாதபோதுதான் இணைப்பைத் துண்டிக்கலாம். அப்போதும் இருப்பில் 20 ரூபாய் இருந்தால், அதனைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்களுக்கு எண்ணைத் தக்கவைக்க வேண்டும் (2013).

• 30 நாட்கள் செல்லத்தக்க திட்டத்தையும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டத்தையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் (2022).

• இணையத் தரவு இல்லாமல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றேனும் இருக்க வேண்டும். இத்தகைய திட்டங்கள் 365 நாட்கள் வரை செல்லத்தக்கனவாக இருக்கலாம் (2024).

எண்ணைத் தக்கவைப்பது வேறு. அந்த எண்ணுக்கு அழைப்பு வருவது வேறு. 20 ரூபாய் இருப்பு எண்ணைக் காக்கும். வாய்பேசும் வசதியைத் தராது. ஆகவே, 'இணையம் வேண்டா. பேசுவதற்கு மட்டும் நெடுநாள் திட்டம் எது?' என்று கடையில் கேட்டறிதல் வேண்டும். கேட்காதவர்க்குப் பெரும்பாலும் தரவுடன் கூடிய திட்டமே கிடைக்கும். பட்டன் போனில் அத்தரவு எவர்க்கும் பயன்படாமல் நாள்தோறும் வீணாகும். ஒரு நிறுவனத்தின் திட்டம் ஒத்துவரவில்லையெனில் எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்திற்கு மாறும் உரிமை 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாடு முழுவதும் உள்ளது.

எண்ணே அடையாளம்

'பேசாத போனுக்கு எதற்குப் பணம்?' என்று எண்ணிச் சிலர் இணைப்பைக் கைவிடுகின்றனர். முன்பு அதனால் பெரும் இழப்பில்லை. இன்றோ அந்தப் பத்து இலக்கங்கள் மனிதரின் மற்றொரு முகவரியாக விளங்குகின்றன. நியாயவிலைக் கடையில் பொருள் பெற்றதற்கான குறுஞ்செய்தி, வங்கிக் கணக்கில் உதவித்தொகை சேர்ந்த செய்தி, எரிவாயு உருளைப் பதிவு, ஆதார் சரிபார்ப்புக்கான கடவு எண் ஆகிய யாவும் அவ்வெண்ணுக்கே வருகின்றன. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்கள் பிறருக்கு வழங்கப்படுவதில்லை, அதன்பின் வழங்கப்படலாம். வங்கியில் பழைய எண்ணை மாற்றாதிருந்தால், ஒருவரது பணத்தைப் பற்றிய செய்தி முன்பின் அறியாத மற்றொருவர் கையில் ஒலிக்கும். எண்ணைக் கைவிட நேர்ந்தால் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் அதனை மாற்றிவிடுவதே முறை.

கணக்கறிதலே காப்பு

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தம் திறன்பேசியிலிருந்தே பெற்றோரின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவிடுகின்றனர். அது பாராட்டத்தக்க அன்பே. எனினும், பணம் கட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. என்று கட்டப்பட்டது, என்று முடியும் என்பதை முதியவர் அறியாதிருந்தால், அவ்வறியாமையை வஞ்சகர் பயன்படுத்திக்கொள்வர். 'உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். வந்திருக்கும் கடவு எண்ணைச் சொல்லுங்கள்' என்று மிரட்டும் குரல்கள் இன்று பெருகியுள்ளன. ட்ராய் ஆணையம் எவரையும் அழைத்து இவ்வாறு அச்சுறுத்துவதில்லை. தம் தவணை நாளைத் தாமே அறிந்த முதியவர், 'எனக்கு அடுத்த மாதம் வரை நாள் இருக்கிறது' என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுவார். ஒரு தேதியை அறிந்திருப்பது அவருடைய பணத்தை மட்டுமன்றி, அவரது தன்மதிப்பையும் காக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு இவை கடினமான கணக்குகள் அல்ல. வகுத்தலும் பெருக்கலும் நாட்காட்டியும் போதும். வீட்டு நாட்காட்டியில் தவணை முடியும் நாளைப் பெரிய எழுத்தில் குறித்துவைக்கலாம். இருப்பையும் காலத்தையும் அறிவதற்கான குறியீட்டு எண் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். அதனைக் கேட்டறிந்து முதியவருக்கு இயக்கிக் காட்டலாம். அவருக்காகச் செய்துவிடுவது எளிது. அவரே செய்துகொள்ளும்வரை பொறுமையுடன் சொல்லித் தருவதுதான் அரிது. ஒரு காலத்தில் எழுத்தறிந்த சிறுவர்கள் தெருவிலிருந்த முதியவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டினர். இன்றைய மாணவரிடம் முதியவர்கள் எதிர்பார்ப்பதும் அத்தகைய சிறு உதவியையே. தம்மைத் தேடி ஒரு குரல் வரும்போது அது தடையின்றி வந்து சேரவேண்டும் என்பதற்கு மேல் அவர்கள் வேண்டுவது ஒன்றுமில்லை.