ஆறாவது எண்



எங்கள் பாடசாலையில் மேல் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிப்பவர்கள் நாங்கள் இருவர். இது எங்கள் இருவரின் பிழையைப் பற்றிய பதிவு. அந்த உம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

இந்தத் தவணை தரம் 10 இல் எண்கோலம் படிப்பிக்கும்போது கரும்பலகையில் 3, 5, 17, 257, 65537 என்று எழுதினோம். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கித்து, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். ஐந்துமே முதன்மை எண்கள். ஆறாவது 4294967297. "இதுவும் முதன்மை எண்ணா?" என்று கேட்டோம். "ஓம் சேர்" என்றது வகுப்பு.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மட்டும், "வகுத்துப் பாக்காம எப்படி சேர் சொல்ற?" என்றாள்.

அவளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். தரம் 9 இல் மூன்று தவணை, தரம் 10 இல் இரண்டு. ஐந்து பரீட்சையிலும் கணிதத்தில் 30 புள்ளியைத் தாண்டவில்லை. "இந்தப் புள்ளைக்கு கணக்கு ஏலா, மத்தப் பாடங்களைப் பாக்கச் சொல்லுங்க" என்று பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய உம்மாவிடம் சொன்னவர்கள் நாங்கள்தான்.

"அப்ப வகுத்துப் பாருங்க" என்றோம். திங்கட்கிழமை கொப்பியோடு வந்தாள். 100 இற்குள் இருக்கும் 25 முதன்மை எண்களாலும் வகுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் மீதி வந்திருந்தது. "இன்னும் முடியல்ல சேர்" என்றாள். விடையைச் சொல்லப் போனோம், வேண்டாம் என்றுவிட்டாள்.

அதனால் வரலாற்றை மட்டும் சொன்னோம். இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் முதன்மை எண்களே என்று 1640 இல் பிரான்சின் பேர்மா நம்பினார். பெரிய கணித மேதை. 1732 இல் ஒய்லர் என்ற 25 வயது இளைஞர் ஆறாவது எண் முதன்மை எண் அல்ல என்று காட்டினார். அதன் காரணி எதுவானாலும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று பின்னர் நிறுவியவரும் அவரே. இந்தத் துப்புக் கிடைத்தால் பார்க்க வேண்டிய முதன்மை எண்கள் சுருங்கிவிடும்: 193, 257, 449, 577, 641.

அவளே கரும்பலகையில் வகுத்தாள். முதல் நான்கிலும் மீதி வந்தது. 641 இல் மீதி இல்லை. ஈவு 6700417. வகுப்பே கைதட்டியது.

எங்களுக்குத்தான் கை வரவில்லை. ஐந்தைப் பார்த்து ஆறாவதை பேர்மா தீர்மானித்தார். ஐந்து பரீட்சையைப் பார்த்து ஒரு பிள்ளையின் ஆறாவதை நாங்கள் தீர்மானித்தோம். பேர்மாவாவது தன்னிடம் முழு நிறுவல் இல்லை என்று கடிதத்தில் எழுதினார். நாங்கள் அந்த உம்மாவிடம் அதைக் கூடச் சொல்லவில்லை.

நேற்று அவரைச் சந்தித்து, சொன்னது பிழை என்று சொன்னோம். ஆறாவது பரீட்சை அடுத்த மாதம். துஆச் செய்யுங்கள், அவளுக்கும் எங்களுக்கும்.