மெய்ச் சீடர் யாவர்?

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மவர் ஆண்டுக்கொரு முறையேனும் புகைவண்டியில் சென்னை சென்று மீள்கின்றனர். புனேயை விட்ட வண்டி தௌண்டு சந்திப்பை அடையுமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கும். நாம் ஏறும் விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கு நிற்பதில்லை. சன்னலோரத்தில் அமர்ந்தோரும் புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்ப்பதிலேயே கருத்தாயிருப்பர். ரயில்வேயில் குமாஸ்தாவாயிருக்கும் நமக்கும் அப்பெயர் நெடுநாள் கால அட்டவணையின் ஒரு வரியாகவே இருந்தது.

அவ்வூரில்தான் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் இருக்கின்றது. 1858-ஆம் ஆண்டு சித்பாவனப் பிராமணக் குலத்திற் பிறந்தவர் அவர். பெண்ணுக்கு வடமொழி கற்பித்தலைக் குற்றமெனக் கருதிய அக்காலத்தில், அவர் தந்தை மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தார். 1870-களின் பஞ்சத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரையும் இழந்து, தமையனுடன் கால்நடையாகவே நாடெங்கும் திரிந்தார். கல்கத்தாவில் கற்றறிந்தோர் அவருக்குப் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். மணந்த கணவரும் இரண்டே ஆண்டில் மாண்டார். கைக்குழந்தையுடன் நின்ற அவர் 1883-இல் இங்கிலாந்து சென்று ஞானஸ்நானம் பெற்றார்.

ஞானஸ்நானத்தோடு சீடத்துவம் முடிந்ததென்று அம்மையார் எண்ணவில்லை. அவரை ஆதரித்த ஆங்கிலச் சகோதரிகள், திருச்சபை சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமென்று எதிர்பார்த்தனர். இவரோ கேள்வி மேல் கேள்வி கேட்டார். புலாலுண்ணாமையையும் விடவில்லை. பணிவே பக்தி என்போர்க்கு இது முரணாகத் தோன்றலாம். நமக்கோ, குருவை நேரே பின்பற்றுகின்றவர் இடையில் நிற்பவருக்கு அஞ்சார் என்றே தோன்றுகின்றது.

1889-இல் மும்பையில் விதவைகளுக்கென அவர் சாரதா சதனத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது. மதம் மாற்றுகிறார் என்ற ஐயத்தால் 1893-இல் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். ‘மதத்தில் தலையிடேன் என்று வாக்களித்தவராயிற்றே’ என்ற அவர்களது மனக்குறையை அடியோடு தள்ளிவிடவும் இயலாது. ஆயினும் 1896-இல் மத்திய மாகாணங்களிற் கொடும் பஞ்சம் வந்தபோது, தாமே அங்கு சென்று திக்கற்ற பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். பஞ்சம் இன்னதென்று பிறர் சொல்லி அவர் அறிய வேண்டியதில்லை. கேட்காவ் நிலத்தில் கொட்டகைகள் எழுந்தன. நெசவு, எண்ணெயாட்டுதல், பயிர்த்தொழில், அச்சுத்தொழில் யாவும் பெண்கள் கையிலேயே நடந்தன. எபிரேயமும் கிரேக்கமும் கற்று அவர் வேதாகமத்தை எளிய மராத்தியிற் பெயர்த்தார். 1921-இல் ஒரே மகளையும் பறிகொடுத்து, மறு ஆண்டு தாமும் கண் மூடினார்.

இவற்றை இப்பொழுது எழுத ஒரு காரணமுண்டு. நம் குடியிருப்பில் இருந்த தண்டவாளப் பணியாளர் ஒருவர், இராமநாதபுரத்தார், சென்ற மழைக்காலத்தில் இறந்தார். மனைவியும் இரு பெண்மக்களும் இருக்கின்றனர். மூத்தவளுக்கு வயது 15, பத்தாம் வகுப்பு. வாரிசு வேலைக்கான விண்ணப்பம் இன்னும் மேசை மேசையாகச் சென்றுகொண்டிருக்கின்றது. “மூத்தவளை ஒருவன் கையிற் பிடித்துக் கொடுத்துவிடு, பாரம் குறையும்” என்று ஊரிலிருந்து தாய்மாமன் தொலைபேசியில் வற்புறுத்துகின்றார். நம் ஜெபக்கூட்டத்தில் மூன்று வாரம் அக்குடும்பத்துக்காக உருக்கமாக மன்றாடினோம். நான்காம் வாரம் நம் மனையாள், “வேதத்தில் விதவையும் திக்கற்ற பிள்ளையும் எத்தனை இடத்தில் வருகிறார்களென்று எண்ணிப் பார்த்தீர்களா?” என்று வினவினாள். எண்ணவில்லை, எண்ணி முடியவும் முடியாது. அன்று மாலையே அவள் சென்று அப்பெண்ணைப் புத்தகப் பையுடன் அழைத்து வந்தாள். இரண்டு அறை வீட்டில் நம் மக்கள் இருவரோடு இவளும் படுக்கின்றாள். தாய்மாமனுக்குக் கோபம், அண்டை வீட்டார் சிலருக்கு வியப்பு.

தேர்வு மார்ச்சு மாதத்தில். அதுவரை அவள் நம் இல்லத்திலிருந்தே பள்ளி செல்வாள். தாயார் சமையல் வேலைக்குச் செல்லும் வீட்டில் இளையவளை உடன் வைத்துக்கொள்ள இசையவில்லை. அடுத்த வரிசையில் பிள்ளையில்லாத தம்பதியர் ஒருவர் உள்ளனர். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குச் செல்வதாயிருக்கின்றோம்.