கட்டடத்துக்கும் ஒரு பாலிசி!

உங்க சம்பளத்தில் மாசாமாசம் எல்.ஐ.சி. பிரீமியம் பிடிக்கிறாங்களா? அப்படின்னா சென்னை அண்ணா சாலை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கிற பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் உங்களுக்கும் ஒரு செங்கல் பாத்தியதை உண்டு! அரண்மனை மாதிரியான அதை நின்று பார்க்காமல் நான் தாண்டியதில்லை.

1897-ல் கட்டியது ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனி. 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. 1956-ல் தேசியமயமானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. முதலில் பிழைக்க மருந்து. அப்புறம், பிழைக்காவிட்டால் பணம். வரிசை சரிதானே?

2006-ல் அதையே இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்கு ஓடியது. 2010-ல், இடிக்கக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். ஊருக்கெல்லாம் பாலிசி போட்ட கட்டடத்துக்கு பாலிசி போட்டது கோர்ட்!

அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்க சார். நாம கட்ட வேண்டிய பிரீமியம் அதுதான்.