நாயின் சொறியும் நமது கடமையும்

"சொறிநாய்" என்பது எமது பேச்சு வழக்கிலே ஒரு வசைச் சொல். மனிதரை ஏசுவதற்கே அச்சொல் பயன்படுமாயின், உண்மையிலேயே சொறிபிடித்த நாயின் கதியைக் கூறவும் வேண்டுமோ? வைரவரின் வாகனமென்று கோயிலிலே போற்றப்படும் அப்பிராணி, உடம்பைச் சொறியத் தொடங்கியதும் படலைக்கு வெளியே துரத்தப்படுகின்றது. வாயில்லாச் சீவனாகையால் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்கவும் அதனால் இயலாது.

சொறிதல் என்பது பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியே. தெள்ளு, உண்ணி, தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகள், பங்கசு, பற்றீரியா, உண்ட உணவு, வீட்டுத் தூசி ஆகிய எதனாலும் அஃது உண்டாகலாம். இவற்றுட் சில பிற நாய்களுக்கும், சில வேளைகளில் மனிதருக்கும் தொற்றக்கூடியன. ஒவ்வாமையோ எவருக்கும் தொற்றாது. எல்லாவற்றையும் "சொறி" என்னும் ஒரே சொல்லால் அழைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதனாலேயே பெருந் தீங்கு விளைகின்றது.

ஒவ்வாமை என்பது யாது? "அலர்ஜி" என்ற சொல்லை 1906ஆம் ஆண்டிலே வழங்கியவர் வியன்னா நகர வைத்தியரான வொன் பிர்க்கே. நல்லெண்ணத்துடன் வரும் விருந்தாளியைக் கள்வனென்று கருதிக் காவல்நாய் குரைத்து ஊரைக் கூட்டுவதுபோல, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று கருதி உடம்பின் காவற்படை கொதித்தெழுவதே ஒவ்வாமையாகும். மனிதருக்கு இது தும்மலாகவும் இழுப்பாகவும் வெளிப்படுவதுண்டு. நாய்க்குப் பெரும்பாலும் தோலிலேயே அரிப்பாக வெளிப்படுகின்றது.

எங்கள் இல்லத்திலே வளரும் நாய்க்கு இரண்டு வயதானபோது இத்துன்பம் வந்தது. இரவு முழுவதும் பாதங்களை நக்கும்; காதைச் சுவரோடு உரைஞ்சும்; கக்கத்துத் தோல் சிவந்து உரோமம் உதிர்ந்தது. எம்முடன் வசிக்கும் மாமியார், வீட்டிலே குழந்தையொன்று தவழுகின்றதாகையால், நாயை எங்கேனும் அனுப்பிவிடுமாறு கூறினார். அவருடைய அச்சம் நியாயமற்றதென்று சொல்லிவிட முடியாது. அயலிலுள்ள முதியவரொருவரோ, "மாஸ்ரர், பழைய எஞ்சின் ஒயிலை எடுத்துப் பூசிவிடுங்கோ. இரண்டு நாளையிலே சொறி போய்விடும்" என்றார். அன்னார் நன்மை கருதியே சொன்னார். ஆயினும் நாய் தன் உடம்பை நக்கும் இயல்புடையது. பூசிய எண்ணெய் வயிற்றுக்குட் செல்லும். புண்பட்ட தோலையும் எரிக்கும். ஆகவே மிருக வைத்தியரை நாடினோம்.

வைத்தியர் உடனே மருந்து எழுதிவிடவில்லை. அரிப்பு எப்போது தொடங்கியது, எவ்விடத்தில் மிகுதி, நாய் என்ன உண்கின்றது, வீட்டில் வேறெவருக்கேனும் அரிப்பு உண்டா என்று ஒவ்வொன்றாக வினவினார். வாலின் அடியிலும் இடுப்பின் பின்புறத்திலும் அரிப்பு மிகுமாயின் தெள்ளையே முதலிற் சந்தேகிக்கவேண்டும் என்றார். தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்கு உடம்பெங்கும் தெள்ளு மொய்க்க வேண்டியதில்லை. இரண்டொரு கடியே போதுமாம். பாதம், முகம், காது, கக்கம், வயிறு ஆகிய இடங்களில் அரித்தால், தூசி முதலியவற்றால் வரும் ஒவ்வாமையும் கருதத்தக்கது.

பின்னர் தோலைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். சிற்றுண்ணி எதுவும் காணப்படவில்லை. அஃது அக்கண்ணாடிக்கும் மறைந்து நிற்பதுண்டாகையால், தெள்ளையும் சிற்றுண்ணியையும் ஒருங்கே அழிக்கும் மருந்தை முதலிற் கொடுத்தார். காதிலிருந்த பங்கசுத் தொற்றையும் மாற்றினார். அதன் பின்னரும் அரிப்பு எஞ்சியது. எட்டு வாரம் நாய் முன்னர் உண்டறியாத இறைச்சியும் அதற்கேற்ற உணவுமே கொடுத்துப் பார்த்தோம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்பவை பல நாய்களுக்கு ஒவ்வாதனவாம். எங்கள் நாய்க்கு உணவிலே குற்றமில்லை. இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே இது தூசி முதலியவற்றால் விளையும் ஒவ்வாமை, எவருக்கும் தொற்றாது என்ற தீர்ப்புக் கிடைத்தது. மாமியாரின் மனமும் ஆறியது. நாயும் வீட்டிலே தங்கியது.

அரிப்புக்கென எழுதப்பட்ட மருந்து பிரெட்னிசலோன் குளிசை. அதிரீனற் சுரப்பியின் ஓமோன்களை ஆராய்ந்த கென்டல், றைக்ஸ்ரைன், ஹென்ச் என்னும் மூவருக்கு 1950ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வாராய்ச்சியின் வழிவந்தது இக்குளிசை. விலை மலிவானது; விரைந்து வேலை செய்வது. சில நாட்களுக்குள் எங்கள் நாய் இரவில் அமைதியாக உறங்கியது.

ஆயின் இம்மருந்தை இருபுறமும் கூரான வாளென்றே கொள்ளவேண்டும். தாகம், பசி, சிறுநீர் ஆகியன பெருகும். நெடுங்காலம் மிகையாகக் கொடுத்தால் வயிறு பருக்கும், தோல் மெலியும், தொற்றுநோய் எளிதிற் பற்றும், சலரோகமும் வரலாம். இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். வெளியிலிருந்து ஓமோன் தாராளமாக வரும்போது உடம்பின் சொந்தச் சுரப்பி சோம்பிவிடுகின்றது. பலநாட் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால், சுரப்பி விழித்தெழுமுன் உடம்பு தவித்துப்போகும். ஆகையினாலேயே அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாகக் கொடுத்து நிறுத்துமாறு வைத்தியர் எழுதுகின்றார். அரிப்பு நின்றதென்று குளிசையை நாமாக நிறுத்துதலும், மீண்டும் அரித்ததென்று பழைய துண்டைக் காட்டி நாமாக வாங்கிக் கொடுத்தலும் ஒரேயளவு ஆபத்தானவை.

எனது மகள் ஒரு கொப்பியிலே கொடுத்த குளிசை, குடித்த நீர், அரித்த இடம், நாயின் நிறை ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவந்தாள். அதனைப் பார்த்தே வைத்தியர் அடுத்த அளவைத் தீர்மானித்தார். பேசத் தெரியாத நோயாளிக்கு அந்தக் கொப்பியே நாவாயிற்று.

இக்காலத்திலே வேறு மருந்துகளும் தோன்றியுள்ளன. அரிப்புச் செய்தியை நரம்புக்கு எடுத்துச் செல்லும் இன்ரர்லியூக்கின்-31 என்னும் பொருளொன்று உடம்பிலே உண்டு. அச்செய்தி உயிரணுவினுட் செல்லும் வழியைத் தடுக்கும் ஒக்லாசிற்றினிப் என்னும் குளிசை 2013ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு வயது நிரம்பாத நாய்க்கும், கடுந்தொற்று உள்ள நாய்க்கும் அதனைக் கொடுத்தலாகாது. லோக்கிவெற்மாப் என்னும் ஊசிமருந்து அவ்வரிப்புப் பொருளையே பற்றிப் பிடித்துச் செயலறச் செய்வது. ஒருமுறை ஏற்றினால் நான்கு வாரம் முதல் எட்டு வாரம் வரையும் பயன் தருவதுண்டு. எனினும் இவையெல்லாம் அரிப்பை அடக்குவனவேயன்றி, ஒவ்வாமையை வேரோடு களைவன அல்ல. தெள்ளைத் தடுத்தலும், படுக்கையைத் துவைத்தலும், வைத்தியர் சொன்ன கழுவுமருந்தால் நீராட்டுதலும் குளிசையோடு கூடவே நடைபெற வேண்டியவை.

மனிதருக்கென வீட்டில் வைத்திருக்கும் குளிசைகளை நாய்க்குக் கொடுத்தல் ஒருபோதும் தகாது. ஐபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரெட்னிசலோனுடன் அவை சேர்ந்தால் குடற்புண் உண்டாகும் அபாயம் மிகும்.

இராப்பகலாக எமது வாசலைக் காக்கும் பிராணி, தன் தோலைத் தானே கிழித்துக்கொள்ளும் நிலைக்கு வரும்போது அதனைத் துரத்துதல் முறையன்று. வீதியிலே விடப்பட்ட சொறிநாய்களுள் எத்தனை, தொற்றாத நோய்க்காகத் தண்டனை பெற்றவையோ! நோய் இன்னதென்று அறியும்வரை பொறுத்திருத்தலும், அறிந்தபின் மருந்தை அளவறிந்து கொடுத்தலும் அதனை வளர்ப்போர் செலுத்தவேண்டிய சிறு நன்றிக்கடனாகும்.