காற்றை ஏமாற்றும் கூண்டு வண்டி

கள்ளக்குறிச்சி என்றதும் உங்களில் பலருக்குச் சட்டென்று ஒன்றும் ஞாபகத்துக்கு வராது. சென்னையிலிருந்து சேலத்துக்குக் காரில் போகிறவர்கள் உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி, தியாகதுருகத்தைத் தாண்டி, பிள்ளைகள் "அம்மா, பசிக்கிறது!" என்று ஆரம்பிக்கிற சமயத்தில் வருகிற ஊர் அது. நெல்லும் கரும்பும் விளைகிற சீமை. மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்ற கைகள் அங்கே உண்டு. 2019-ஆம் வருஷம் நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்துக்கே தலைநகராகிவிட்டது. மேற்கே திரும்பிப் பார்த்தால் அடிவானத்தில் நீலமாக ஒரு மதில் தெரியும். அதுதான் கல்வராயன் மலை.

"அருவி பார்க்கத்தானே போனீர்கள்? அதைச் சொல்லுங்கள்!" என்பீர்கள். மேகம் அருவியும் பெரியார் அருவியும் எங்கும் ஓடிப் போய்விடாது. இந்தத் தடவை உங்களை ஒரு இரும்புப் பட்டறைக்கு அழைத்துப் போகிறேன். சேலைத் தலைப்பைக் கொஞ்சம் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வெல்டிங் பொறி பறக்கும்.

சாலையோரப் புளிய மரத்தடியில் பெரிய பெட்டி மாதிரி ஒரு மூடிய டிரெய்லர் நின்றது. இரண்டே சக்கரம், சுற்றிலும் தகரம், பின்னால் இரட்டைக் கதவு. எந்தக் காலத்திலோ பூசிய நீல வர்ணம் உரிந்து, துரு பூத்துக் கிடந்தது. பக்கத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு பெண்கள். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். குழுப் பணத்தில் பழைய விலைக்கு வாங்கிய வண்டி அது. மலையில் விளைகிற சாமை, கடுக்காய், புளி எல்லாவற்றையும் தரகர் கையில் கொடுக்காமல், ஒரு பிக்-அப் வண்டியின் பின்னால் இதைக் கட்டிச் சேலத்துக்கே கொண்டுபோய் விற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முதல் மழையிலேயே கூரை ஒழுகி, மூட்டை மூட்டையாகப் புளி கறுத்துப் போயிற்று. புளியில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

மேஸ்திரியோ கூரையைப் பார்க்கவே இல்லை. வண்டியின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூஞ்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கூரை ஒழுகாம இருந்தாப் போதும்" என்றார் மூத்தவர்.

"கூரை ஒழுகாதும்மா, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இந்த மொண்ணை மூஞ்சியோட சேலம் போனா, உங்க புளி விக்கிற காசை டீசல் குடிச்சிடும்" என்றார் மேஸ்திரி.

காற்று டீசல் குடிக்குமா? ஆடி மாதக் காற்றில் மொட்டை மாடியில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள் அல்லவா? முறத்தைக் காற்றுக்கு நேரே காட்டினால் ஆளையே தள்ளுகிறது. பக்கவாட்டில் திருப்பினால் சும்மா விட்டுவிடுகிறது. இங்கே காற்று நின்றிருக்கிறது, முறம் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் ஒரு பொல்லாத கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. இரட்டைக் கட்டிலை நிமிர்த்தி வைத்த அளவுக்குத் தட்டையான முகம் உள்ள பெட்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், சுமார் 100 கிலோ எடை பின்னுக்கு இழுப்பது போல இருக்கும். முன்னே போகும் வண்டியின் மறைவில் இது கொஞ்சம் குறையலாம். அதே பெட்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்தால் ஆறேழு கிலோதான்!

முன்னால் தள்ளுவதோடு போச்சா? பின்னால் இழுப்பதும் காற்றுதான். பஸ் கடந்து போனதும் தெருப் புழுதியெல்லாம் அதன் பின்னாலேயே சுழன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி விட்டுச் சென்ற இடத்தைக் காற்று சரியாக வந்து நிரப்பாததால் உண்டாகிற உறிஞ்சல் அது.

இந்தத் தள்ளலையும் உறிஞ்சலையும் உடம்பிலேயே உணர்ந்து யோசித்தார் ஒருவர். அமெரிக்காவில் நாஸாவின் எட்வர்ட்ஸ் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த எட்வின் சால்ட்ஸ்மன் என்ற இன்ஜினீயர். சைக்கிளில் போகும்போது லாரிகள் முந்திச் சென்றால், முதலில் காற்று அவரைத் தள்ளும், பிறகு இழுக்கும். ஆகாய விமானத்துக்குச் செய்வதை லாரிக்கு ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது. 1973-இல் அவரும் சகாக்களும் ஒரு வேனை எடுத்து, அதன்மேல் அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி போல எல்லா மூலையும் கூராக இருக்கும்படி செய்தார்கள். ஓட்டி அளந்தார்கள். பிறகு மூலைகளையும் விளிம்புகளையும் வளைவாக்கி மறுபடி அளந்தார்கள். காற்றின் எதிர்ப்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது! உள்ளே இடமோ துளிதான் குறைந்தது. அடிப்பக்கத்தை மூடி, பின்பக்கத்தைப் படகு போலக் குறுக்கியதில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது.

இழுத்துச் செல்லும் வண்டிக்கு இந்த யோசனை அதற்கும் முந்தியது. 1936-இலேயே வாலி பையம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று அலுமினியத்தில் ரிவெட் அடித்த வீட்டு வண்டியைக் கொண்டு வந்தார். பார்ப்பதற்கு வெள்ளிக் குப்பியைப் படுக்க வைத்தது போல இருக்கும். நம் பாட்டனார் கூண்டு வண்டிக்கு மூங்கிலை வளைத்துப் பாய் போட்டதும் வளைவுதான். ஆனால் அது மழைக்காக. காளையின் வேகத்துக்குக் காற்று என்ன செய்யும்?

சரி, மேஸ்திரியிடம் வருவோம். அவர் சுத்தியலால் சேஸிஸைத் தட்டித் தட்டிக் கேட்டார். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. நல்ல பானையா, விரிசல் பானையா என்று சந்தையில் நீங்கள் தட்டிப் பார்க்கிறீர்களே, அதே வித்தைதான். பொத்தென்ற இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். அரித்த இரும்பை வெட்டி எடுத்துப் புதுச் சேனல் வைத்து, ரெட் ஆக்ஸைடு பூசிய பிறகுதான் மற்றது. சக்கரத்தைக் கழற்றி பேரிங்கையும் கிரீஸையும் பார்த்தாக வேண்டும். கூரைத் தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், முன்தகடு மேலேயும் பின்தகடு கீழேயும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற வேகத்தில் காற்றே மழைத் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். பழைய கூரையில் அப்படித்தான் மாற்றிப் போட்டிருந்தது. புளி கறுத்த மர்மம் அங்கேதான் துலங்கியது.

எடை குறைய அலுமினியத் தகடு போடலாம் என்று முடிவாயிற்று. இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத்தை அப்படியே வைத்து அடிக்கக்கூடாதாம். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். நடுவில் ரப்பர் பட்டை வேண்டும்.

மூஞ்சி விவகாரமும் இங்கேதான் தீர்ந்தது. முன்மூலைத் தகடுகள் இரண்டும் துருவேறி உதிர்ந்தன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். "மாத்துறப்போ வளைச்சு மாத்திடறேன்; பெரிசா கூடுதல் செலவு இல்லே" என்றார் மேஸ்திரி. பழைய டீசல் பேரலின்மேல் தகட்டை வைத்து அழுத்தி வளைத்தால் அழகான கால்வட்டம் வருகிறது. முன்விளிம்பிலிருந்து கூரைக்கும் அதே வளைவு. மூத்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செய்ங்க. ஆனா கூரையை முதல்ல முடிச்சிடுங்க" என்றார். எனக்கு இந்த வரிசைதான் நியாயமாகப் பட்டது. ஒழுகுகிற வண்டி எவ்வளவு லாகவமாகக் காற்றைக் கிழித்துப் போனாலும் என்ன பிரயோஜனம்?

பட்டறைப் பையன் ஒருவன் செல்போனில் வெளிநாட்டு லாரிப் படம் காட்டினான். பக்கவாட்டில் தரை தொடும் பாவாடை, பின்னால் நீண்ட வால்! "நமக்கும் இது மாதிரி?" என்றான். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டார். மலைப்பாதை மேட்டில் பாவாடை தரையில் உரசும். பாரம் ஏற்றும்போதும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் முன்கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்பு போல ஆட ஆரம்பிக்கும். அப்புறம் சர்க்கார் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை மறந்து, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

இனி மலைக்குப் போகலாம். கச்சிராயபாளையம் தாண்டி, அடிவாரத்தில் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு ஏறினால் வெள்ளிமலை. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி என்பார்கள். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளம் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற தமிழர்கள்.

ஏற்றத்தில் கணக்கு தலைகீழாகிறது. பதினைந்து அடிக்கு ஓர் அடி உயரும் சாய்வில், ஒவ்வொரு டன் பாரமும் சுமார் 67 கிலோ பின்னுக்கு இழுக்கும். காற்றின் ஆறேழு கிலோவை இங்கே யார் லட்சியம் செய்வார்கள்? கீழே ஆத்தூர்ச் சாலையில் வளைந்த மூலை சம்பாதிக்கும். மேலே லேசான தகடு சம்பாதிக்கும். ஒரே வண்டிக்கு இரண்டு சாலை!

நாங்கள் ஏறிய ஜீப்புக்கு முன்னால் ஒரு சரக்கு வேன், ஊசி வளைவு ஒன்றில் திரும்பத் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பின்னுக்கு வந்து மூன்றாவது தடவை திரும்பியது. அதன் பின்பக்கத்துக்கும் பாறைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. மேஸ்திரி வால் வேண்டாம் என்று தலையாட்டியது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.